ஒரு செயின் மண்

ஓஃபாவின் கரையைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் அதன் மேலேயே நின்றுகொண்டு ‘எங்கே அது?’ என்று தேடுவார்கள். கல் கிடையாது, கோபுரம் கிடையாது, காவல் மாடம் கிடையாது. புல் மூடிய ஒரு நீண்ட மேடு. அதன் மேற்குப் பக்கத்தில் பாதி தூர்ந்துபோன பள்ளம். மேலே மரங்கள், முயல் வளைகள், ஆட்டுப் புழுக்கை. நன்றாகப் பிழைத்திருக்கும் இடங்களில் கரையும் பள்ளமும் சேர்ந்து 20 மீட்டர் அகலம் இருக்கும், கரை இரண்டரை மீட்டர் உயரம் வரும். உழுது கரைந்துபோன இடங்களில் ஒரு வேலிக்குக் கீழே நிலம் லேசாக வீங்கியிருக்கும், அவ்வளவுதான். வேல்ஸும் இங்கிலாந்தும் தொட்டுக்கொள்ளும் குன்றுகளின் ஊடே இது வடக்கு தெற்காகப் போகிறது. பர்மிங்காமில் வேலை பார்த்த இரண்டு வருஷத்தில் நான்கு முறை அங்கே போயிருக்கிறேன். ‘ஒரு மேட்டைப் பார்க்க நாலு தடவையா?’ என்று கேட்ட தோழிக்கு அப்போது என்னிடம் சரியான பதில் இல்லை.

ஓஃபா, மெர்சியா நாட்டின் அரசன். 757லிருந்து 796 வரை ஆண்டவன். இங்கிலாந்து என்ற ஒரு நாடு உருவாவதற்கு முன்பு இருந்த சின்னச் சின்ன ராஜ்யங்களில் அவனுடையதுதான் அன்றைக்குப் பெரியது. அவன் இறந்து ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 893ல், ஆல்ஃபிரட் அரசனின் வாழ்க்கையை எழுதிய ஆஸர் என்ற வேல்ஸ் துறவி, வேல்ஸுக்கும் மெர்சியாவுக்கும் நடுவே கடலிலிருந்து கடல் வரை ஒரு பெரிய கரையை எழுப்பச் சொன்னவன் இந்த ஓஃபாதான் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கரையோடு அவன் பெயரைச் சேர்த்துச் சொல்லும் மிகப் பழைய எழுத்து அதுதான். எழுப்பச் சொன்னவன் யார் என்று ஆஸர் எழுதினார். எழுப்பியவர்கள் யார் என்று எழுதவில்லை. துறவிக்கு அது தேவைப்படவில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு டைக் என்று பெயர். பள்ளத்தைக் குறிக்கும் டிச் என்ற சொல்லும் இதுவும் ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை. வேல்ஷ் மொழியிலும் அப்படித்தான், க்ளௌத் என்றால் பள்ளமும் ஆகும், கரையும் ஆகும். மண்வெட்டி பிடித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமிருக்காது. பள்ளம் வெட்டினால் மேடு தானாக வந்துவிடுகிறது. கரைமேலேயே உட்கார்ந்திருக்கும் நைட்டன் என்ற சிற்றூருக்கு வேல்ஷ் பெயரே ‘கரை ஊர்’ என்றுதான் பொருள்படும். ஊர் வேல்ஸில் இருக்கிறது. அந்த ஊரின் ரயில் நிலையம் இங்கிலாந்தில் இருக்கிறது. டிக்கெட் வாங்க எல்லை தாண்ட வேண்டும், யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. ஜொகூர் பாலத்தில் பஸ்ஸுக்குள் கால் மரத்துப்போய் நின்ற எவருக்கும் இது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

இந்தக் கரை எதற்காக? இதைப் பற்றி எழுதியவர்கள் தொண்ணூறு, நூறு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சிரில் ஃபாக்ஸ் என்ற தொல்லியலாளர் 1925லிருந்து 1932 வரை கோடைதோறும் இதன் நீளம் முழுக்க நடந்து அளந்தார். எல்லாம் சேர்ந்து ஒரே புத்தகமாக 1955ல் வந்தது. இரண்டு தரப்பும் பேசி ஒத்துக்கொண்ட எல்லைக்கோடு இது என்பது அவர் எண்ணம். பிறகு வந்த டேவிட் ஹில்லும் மார்கரெட் வொர்திங்டனும் ஆஸரின் ‘கடலிலிருந்து கடல் வரை’யை நம்பவில்லை. ரஷாக் குன்றிலிருந்து டிரைதின் வரை, சுமார் 64 மைல்தான் உண்மையான ஓஃபா கரை, அதுவும் வேல்ஸ் முழுவதற்கும் எதிராக அல்ல, போவிஸ் என்ற ஒரே ஒரு ராஜ்யத்துக்கு எதிராக எழுந்தது என்றார்கள். 2016ல் கீத் ரேயும் இயன் பாப்டியும் எழுதிய புத்தகமோ, இது மெர்சியா தன் அதிகாரத்தை அடுத்தவன் கண்ணில் படும்படி நிலத்தின் மேல் எழுதிக் காட்டியது என்கிறது. எனக்கு இந்தக் கடைசிக் கட்சி பிடித்திருக்கிறது. லான்வைர் குன்றின்மேல் நின்றால் காரணம் தெரியும். கரை ஓடும் வழியிலேயே மிக உயரமான இடம் அது, சுமார் 430 மீட்டர். அங்கிருந்து மேற்கே பார்த்தால் வேல்ஸ் பள்ளத்தாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து கிடக்கும். பள்ளம் அந்தப் பக்கம்தான். ஏறி வருகிறவனுக்குக் கரை இரண்டு மடங்கு உயரமாகத் தெரியும். வெட்டியவன் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வெறும் மேடு.

காவலுக்கு ஆள் நிறுத்திய கோட்டைகள் இதன் நெடுகில் அகப்படவில்லை. ஆனாலும் பயம் மட்டும் எப்படியோ நிலைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் முழுக்கச் சுற்றிய ஜார்ஜ் பாரோ ஒரு பழைய பேச்சைப் பதிவுசெய்திருக்கிறார்: கரைக்குக் கிழக்கே அகப்பட்ட வேல்ஸ்காரனின் காதை இங்கிலீஷ்காரன் அறுப்பானாம், மேற்கே அகப்பட்ட இங்கிலீஷ்காரனை வேல்ஸ்காரன் தூக்கில் போடுவானாம். நடந்ததோ இல்லையோ, ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஓஃபாவுக்குத் தன் பெயரைப் பொறிப்பதில் சலிப்பே இருந்ததில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் அவனுடைய தங்க நாணயம் ஒன்று இருக்கிறது. பாக்தாத் கலீஃபா அல்-மன்சூரின் தினாரைப் பார்த்து அடித்தது, ஹிஜ்ரி 157 என்ற ஆண்டு வரைக்கும் அப்படியே. கிறிஸ்தவ அரசனின் நாணயத்தில் அரபு எழுத்தில் கலிமா! அதன் நடுவே லத்தீன் எழுத்தில் ஓஃபா அரசன் என்று இருக்கிறது, அரபுக்குத் தலைகீழாக. அச்சு வெட்டிய ஆளுக்கு அரபு வாசிக்கத் தெரியாது என்பது தெளிவு. பள்ளிக்கூடத்தில் ஜாவி எழுத்தைப் படம் வரைவது மாதிரி வரைந்த எனக்கு அந்த அச்சுக்காரன் மேல் தனிப் பிரியம்.

பிரிட்டனில் இதுபோன்ற கரைகள் இன்னும் பல. ஓஃபா கரைக்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் கிழக்கே தள்ளி, வாட்டின் கரை ஓடுகிறது, சுமார் 40 மைல். தெற்கே வில்ட்ஷரில் வான்ஸ்டைக், அதாவது வோடன் சாமியின் கரை. நாட்டின் பல மூலைகளில் கிரிம் பள்ளம் என்ற பெயர், கிரிம் என்பதும் வோடனுக்கு ஒரு மறுபெயர். கேம்பிரிட்ஜ் பக்கம் இருப்பது சாத்தான் கரை. ரீச் என்ற கிராமத்தில் சதுப்பு நிலம் முடியும் இடத்தில் தொடங்கி, வுட்டிட்டன் பக்கம் காட்டு மேட்டைத் தொடும்வரை 12 கிலோமீட்டர், கயிறு கட்டி இழுத்ததுபோல் நேராகப் போகும். சதுப்புக்கும் காட்டுக்கும் நடுவே இருந்த ஒரே திறந்தவெளிப் பாதையை அது அடைத்துவிடுகிறது. பள்ளத்தின் அடியிலிருந்து கரையின் உச்சிவரை சில இடங்களில் பத்து மீட்டர் இருக்கும். இன்றைக்கு நியூமார்க்கெட் குதிரைப் பந்தயத் திடல்கள் இரண்டுக்கு நடுவில் புகுந்து போகிறது. சுண்ணாம்பு மண் என்பதால் வேறெங்கும் உழவில் அழிந்துபோன காட்டுப்பூக்கள் அந்தச் சரிவில் மட்டும் பிழைத்திருக்கின்றன. யார் வெட்டியது என்று மறந்துபோன பிறகு அடுத்து வந்தவர்கள் ஒரு சாமியின் பெயரையோ சாத்தானின் பெயரையோ வைத்துவிட்டார்கள். மனுஷன் இவ்வளவு மண்ணைத் தூக்கியிருப்பான் என்று அவர்களாலேயே நம்ப முடியவில்லை.

என் அப்பாவுக்கு அது நம்ப முடியாத விஷயமாக இருக்கவில்லை.

அவர் கிள்ளானுக்கு மேற்கே ஒரு கடலோரத் தோட்டத்தில் பதினெட்டு வயதிலிருந்து கால்வாய் வெட்டியவர். கடலோரம் என்பதால் முதலில் ஒரு மண்கரை, கடல் தண்ணீர் உள்ளே வராமலிருக்க. பிறகு உள்ளே தேங்கும் மழைத்தண்ணீர் வெளியே போவதற்குக் கால்வாய்கள். ரப்பரோ செம்பனையோ, கால்வாய் இல்லாவிட்டால் அந்த மண்ணில் வேர் அழுகிவிடும். என்னைப் பார்க்க வந்தபோது லண்டன் வேண்டாம், கூட்டம் என்றார். நைட்டனுக்குக் கூட்டிப்போனேன். கரைமேல் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு பள்ளத்துக்குள் இறங்கி நின்று மேலும் கீழும் பார்த்தார்.

“இத ஒரே கூட்டம் வெட்டல.”

“எப்படிப்பா சொல்றீங்க?”

“அந்தா, ஒடிஞ்சு திரும்புது பாரு. ஒரு குரூப்பு அங்கேருந்து வந்திருக்கான், இன்னொருத்தன் இங்கேருந்து போயிருக்கான். சேர்ற எடத்துல தள்ளிப்போச்சு. தண்டல் வந்து ஏசியிருப்பான்.”

ஃபாக்ஸும் இதைத்தான் சொன்னார், கொஞ்சம் மரியாதையான மொழியில். மொத்த வழியைத் தீர்மானித்தது ஒரே மூளை, ஆனால் வெட்டியது வெவ்வேறு கூட்டங்கள் என்றார். ரேயும் பாப்டியும் இன்னும் நுணுக்கமாகப் பார்த்து, கரை முழுக்கவே சின்னச் சின்னத் துண்டுகளாக, ஒவ்வொன்றும் லேசாகக் கோணம் மாறி இணைவதை வரைந்து காட்டியிருக்கிறார்கள். எனக்கு நாலாவது தடவைதான் அந்த ஒடிசல் கண்ணில் பட்டது, அதுவும் அவர் கைகாட்டிய பிறகு.

“கூலி எவ்ளோ குடுத்தான்?” என்று கேட்டார்.

கூலி கிடையாது. மெர்சியாவில் நிலம் வைத்திருந்தவர்கள் அரசனுக்குச் செய்யவேண்டிய மூன்று கடமைகள் இருந்தன: படைக்கு ஆள், பாலத்துக்கு ஆள், கோட்டை வேலைக்கு ஆள். 749ல் கம்லி என்ற இடத்தில் ஓஃபாவுக்கு முந்திய அரசன் எத்தல்பால்ட் தேவாலயங்களுக்கு மற்ற எல்லாச் சுமைகளிலிருந்தும் விடுதலை கொடுத்தபோதுகூடப் பாலத்தையும் கோட்டையையும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்தக் கரைக்கும் அப்படித்தான் ஆள் சேர்த்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் ஊகம். நான் இதைச் சொன்னதும் அப்பா அடுத்த கேள்வி கேட்டார். “அப்ப யாரு சோறு போட்டா?” ஓஃபா கரையைப் பற்றி நான் படித்த எந்தப் பக்கமும் இந்தக் கேள்வியோடு தொடங்கவில்லை.

தோட்டத்தில் அவர்களுக்குச் செயின் கணக்கு. ஒரு செயின் கால்வாய்க்கு இவ்வளவு வெள்ளி என்று காலைப் பெரட்டில் பேசிவிடுவார்கள். ஒரு செயின் என்றால் 22 கஜம், 66 அடி. நாடு மெட்ரிக் அளவுக்கு மாறிய பிறகும் அவர்கள் வாயில் செயின்தான். அது 1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் நில அளவைக்காக வகுத்த சங்கிலி. நான்கு கோல் சேர்ந்தது ஒரு சங்கிலி. ஆனால் கன்டர் அந்த நீளத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஏக்கர் நிலத்தின் அகலம் என்று உழவர்கள் அதற்குமுன் பல நூற்றாண்டுகளாகப் புழங்கிய நீளம் அது.

ஓஃபாவுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, அவனுடைய மெர்சியாவுக்குத் தெற்கே இருந்த வெசெக்ஸில், கோட்டை ஊர்களின் பட்டியல் ஒன்று எழுதப்பட்டது. பர்கல் ஹைடேஜ் என்று இன்றைக்கு அதற்குப் பெயர். மதிலைக் காக்க எத்தனை ஆள் வேண்டும் என்பதற்கு அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஓர் ஏக்கர் அகல மதிலுக்குப் பதினாறு ஹைடு நிலம், ஹைடுக்கு ஓர் ஆள், ஆக ஒரு கோல் நீளத்துக்கு நான்கு ஆள். ஹைடு என்பது ஒரு குடும்பம் பிழைக்கத் தேவையான நிலம். வின்செஸ்டருக்கு 2,400 ஹைடு. கணக்குப் போட்டால் 3,300 கஜம் வருகிறது, அந்த ஊரின் பழைய மதிலை அளந்தால் அதை ஒட்டித்தான் இருக்கிறது. கிள்ளான் பக்கத்துக் கால்வாயும் வெசெக்ஸ் மதிலும் ஒரே 66 அடியால் அளக்கப்பட்டவை. துரைமார்கள் கப்பலில் கொண்டுவந்த சாமான்களில் இதுவும் ஒன்று. ஆள்பலத்தை நீளமாக மாற்றும் ஒரு கோல். இதை அப்பாவிடம் விளக்கியபோது பெரிதாக வியக்கவில்லை. “பின்ன, வெட்டுறத வேற எதுல அளப்பான்?” என்றார்.

அன்று சாயங்காலம் ரயிலுக்குக் காத்திருந்தபோது டிக்கெட்டின் பின்பக்கத்தில் அவரே ஒரு கணக்குப் போட்டார். பள்ளம் ஏழு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழம், அடி குறுகி வருவதால் அதில் பாதி. ஒரு செயினுக்கு 140 கன மீட்டர் மண். இரும்புப் பூண் போட்ட மரத்துடுப்புதான் கையில் என்று நான் சொன்னதால், ஓர் ஆள் ஒரு நாளைக்கு இரண்டு கன மீட்டருக்கு மேல் வெட்டி மேலே போட மாட்டான் என்று வைத்துக்கொண்டார். அப்படியென்றால் செயினுக்கு எழுபது ஆள். 64 மைல் என்றால் 5,120 செயின். மூன்றரை லட்சத்துக்கு மேல் ஆள்நாள். ஐயாயிரம் பேர் நின்றால் இரண்டரை மாசம். “மழ பெஞ்சா மூணு” என்று எழுதி வட்டம் போட்டார். சமன் செய்தது, மரம் வெட்டியது, புல்கட்டி அடுக்கியது எதுவும் இதில் சேரவில்லை. ஆனால் அந்த டிக்கெட்டை நான் தூக்கிப் போடவில்லை.

வடக்கே ஸ்காட்லாந்தில் இன்னொரு மண்சுவர் உண்டு. ரோமானியப் பேரரசன் அன்டோனினஸ் காலத்தில், 142 வாக்கில் தொடங்கியது. கல் அடித்தளத்தின் மேல் புல்கட்டிகளை அடுக்கி 63 கிலோமீட்டருக்கு எழுப்பிவிட்டு, சுமார் இருபது வருஷத்தில் கைவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் அங்கே வெட்டியவர்கள் கணக்கு எழுதி வைத்தார்கள். எந்தப் படைப்பிரிவு எவ்வளவு தூரம் கட்டியது என்று செதுக்கிய கல் பலகைகள் சுமார் இருபது கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை கிளாஸ்கோவில் ஹன்டேரியன் மியூசியத்தில் உள்ளன. எடின்பரோவில் இருக்கும் பிரிட்ஜ்னெஸ் பலகை 1868ல் கிடைத்தது. இரண்டாம் படைப்பிரிவு 4,652 தப்படி கட்டியது என்று சொல்கிறது. 4,650 என்று முழுமையாக்காமல் அந்த இரண்டு தப்படியையும் விட்டுவிடாமல் போட்டவனை எனக்குப் பிடிக்கும். அதே பலகையின் ஓரத்தில் குதிரை வீரன் ஒருவன் நிர்வாணமான உள்ளூர் ஆட்களை மிதித்துக்கொண்டு போகிறான், ஒருவனுக்குத் தலை இல்லை. எண்ணைப் பார்த்து வந்த பிரியம் படத்தைப் பார்த்ததும் பாதியாகிவிட்டது. யாருடைய நிலத்தில் அந்த 4,652 தப்படி என்பதும் அந்தக் கல்லிலேயே இருக்கிறது.

ஓஃபா கரையில் அப்படிப் பலகை ஏதும் இல்லை. ஆனால் அதற்கு மேற்கே, லாங்கொத்லன் ஊருக்கு வெளியே, ஒரு உடைந்த கல்தூண் நிற்கிறது. எலிசெக் தூண். 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போவிஸ் அரசன் கொங்கென் தன் கொள்ளுத்தாத்தா எலிசெக்கின் நினைவாக நாட்டியது. ஆங்கிலேயர் கையிலிருந்து போவிஸை வாளாலும் நெருப்பாலும் மீட்டவர் என்று அவரைப் புகழ்கிறது. கரைக்கு அந்தப் பக்கத்துக் குரல் நமக்குக் கிடைப்பது இங்கேதான். எழுத்து இப்போது முழுக்க அழிந்துவிட்டது. 1696ல் எட்வர்ட் லூயிட் பார்த்துப் படியெடுத்து வைத்ததால் தப்பியது. அந்தப் படியில், அரசர்களின் பெயர்களுக்கு நடுவே, இதை எழுதியது கொன்மார்க் என்று ஒருவன் தன் பெயரையும் சேர்த்திருக்கிறான். அரசன் கேட்டுக்கொண்டதால் எழுதினேன் என்கிறான். கரையின் இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கானோர், ஒரு பெயரில்லை. அந்தப் பக்கம் வேலைக்காரன் ஒருவனின் பெயர் இருக்கிறது, கல்லில் எழுதத் தெரிந்ததால்.

அப்பா வெட்டிய கால்வாய்களின் கணக்கு செக்ரோல் புத்தகத்தில் இருந்தது. தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியானபோது அந்தப் புத்தகங்கள் எங்கே போயின என்று ஆபீஸில் இருந்த கிராணிக்கே தெரியாது. கடல் கரை மட்டும் இன்னும் நிற்கிறது. சனிக்கிழமைகளில் அதன் மேல் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

ஓஃபாவின் பெயரும் இப்போது ஆடிக்கொண்டிருக்கிறது. 2014ல் வேல்ஸ் தொல்லியலாளர்கள் சர்க் ஊருக்கு அருகே கரைக்கு அடியிலிருந்து எடுத்த மண்ணின் காலக் கணிப்பை வெளியிட்டார்கள். 430க்கும் 652க்கும் இடையில் என்று வந்தது, அதாவது கரையின் ஒரு பகுதியாவது ஓஃபா பிறப்பதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம். வாட்டின் கரைக்கு நேர்மாறாக நடந்தது. ஒரு தோண்டலில் 5ஆம் நூற்றாண்டை ஒட்டி வந்த காலம், 2006ல் கோபோவனில் வேறு முறையில் கணித்தபோது 9ஆம் நூற்றாண்டுக்கு நகர்ந்துவிட்டது. எந்த ராஜாவின் பெயரைப் போடுவது என்பதில் இன்னும் கொஞ்ச காலம் சண்டை இருக்கும். ஒடிந்து திரும்பும் இடங்கள் மட்டும் எந்தக் கணிப்பிலும் மாறப் போவதில்லை.

2013 கோடையில், சர்க்குக்கும் லாங்கொத்லனுக்கும் நடுவே, தனியார் நிலத்தில் இருந்த கரையின் ஒரு துண்டைப் புல்டோசர் விட்டுச் சமன் செய்துவிட்டார்கள். சட்டப் பாதுகாப்பு உள்ள சின்னம்தான். ஆனால் வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை. அந்தப் பழைய செய்தி போன மாசம் எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. அழிந்தது சுமார் 45 மீட்டர். இரண்டு செயினுக்குக் கொஞ்சம் கூட. அப்பாவுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது: “நூத்தம்பது ஆளு. மெஷினுக்கு அரை நாள்கூட வேணாம்.”